நெடுவழி கண்ட காழி: இப்னு பதூதா (ரஹ்)

 

துபாய் நகரில் 2005-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒரு பெரும் வணிக வளாகம் இப்னு பதூதாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வளைகுடாவில் பணியாற்றித் திரும்பியோர் அதனைக் கண்டிருக்கக்கூடும். மொராக்கோ நாட்டின் தன்ஜா விமான நிலையத்திற்கும் அவர்களுடைய பெயரே சூட்டப்பட்டுள்ளது. இத்தனை புகழுக்கும் உரிய அம்மனிதர் மன்னரல்லர், பெருவணிகரல்லர், மாலுமியுமல்லர். மார்க்கச் சட்டம் பயின்ற ஓர் ஆலிம்; வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொன்ன ஒரு காழி.

அன்னார் டில்லிக்கு வந்ததும் சீனத்திற்குச் சென்றதும் பலராலும் எடுத்துரைக்கப்படுகின்றன. ஆனால் அவர்களுடைய பயண வாழ்வு தொடங்கியதும் நிறைவுற்றதும் ஆப்பிரிக்கக் கண்டத்தின் நெடுவழிகளிலேயாகும். ஒரு வழி, மனிதர் நம்பி நடக்கத்தக்க வழியாவது எதனால் என்ற கேள்விக்கு அவ்வழிகளில் அன்னார் கண்டவை விடை பகர்கின்றன. ஆகவே அவர்களுடைய வரலாற்றின் அப்பகுதியை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

பிறப்பும் புறப்பாடும்

ஆப்பிரிக்காவின் வடமேற்கு முனையில், அட்லாண்டிக் கடலும் மத்தியதரைக் கடலும் கலக்குமிடத்திற்கு அருகே அமைந்தது தன்ஜா என்னும் துறைமுக நகரம். அந்நகரில் ஹிஜ்ரி 703 ரஜப் மாதம் (கி.பி. 1304) இப்னு பதூதா அவர்கள் பிறந்தார்கள். இயற்பெயர் முஹம்மது, தந்தையார் பெயர் அப்துல்லாஹ். பெர்பர் மக்களின் லவாத்தா கிளையைச் சேர்ந்த அக்குடும்பத்தில் காழிகளாகப் பணியாற்றியோர் பலர் இருந்தனர். அன்னாரும் மாலிகீ மத்ஹபின் சட்டக் கல்வியைக் கற்றுத் தேர்ந்தார்கள்.

ஹிஜ்ரி 725 ரஜப் மாதம் (கி.பி. 1325 ஜூன்) ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றவும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ரவ்ளாவை ஸியாரத் செய்யவும் நாடி வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள். அப்போது வயது 21. உடன் செல்லத் துணையும் இல்லை. சேர்ந்து நடக்கக் காஃபிலாவும் இல்லை. பெற்றோர் இருவரும் உயிருடன் இருந்தனர். அவர்களைப் பிரிந்தது பெருந்துயராக இருந்ததை அன்னார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்கள். அந்தத் தாய் தந்தையரை மீண்டும் காணும் பேறு அவர்களுக்குக் கிட்டவில்லை.

வட ஆப்பிரிக்க வழி

தன்ஜாவிலிருந்து எகிப்து வரை நீளும் அவ்வழி இன்றைய மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, லிபியா ஆகிய நாடுகளின் ஊடாகச் செல்வது. வழிப்பறிக் கூட்டத்தாரின் அச்சம் நிறைந்தது. பிஜாயா என்னும் ஊரை அடைந்தபோது அன்னாருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. தங்கி உடல் தேறிச் செல்லுமாறு உடன் வந்தோர் கூறினர். மரணம் விதிக்கப்பட்டிருக்குமானால் அது ஹிஜாஸை நோக்கிய வழியிலேயே நேரட்டும் என்று கூறி மறுத்துவிட்டார்கள். உடல் தளர்ந்து வாகனத்திலிருந்து விழுந்துவிடுவோமோ என அஞ்சித் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு பிணைத்துக்கொண்டு பயணம் செய்தார்கள்.

அந்தப் பிஜாயாவில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. காஃபிலாவில் வந்த துனிஸ் நகர வணிகர் ஒருவர் அங்கே காலமானார். அவர் விட்டுச் சென்ற 3,000 பொற்காசுகள், துனிஸிலுள்ள வாரிசுகளிடம் ஒப்படைக்குமாறு கூறி ஒருவரிடம் அமானிதமாகத் தரப்பட்டிருந்தன. செய்தியறிந்த அவ்வூர் அமீர் அப்பொருளைப் பறித்துக்கொண்டார். அப்பகுதி ஆட்சியாளரிடம் தாம் கண்ட முதல் அநீதி அதுவே என அன்னார் பதிவு செய்துள்ளார்கள். வழியில் இறந்த அயலானின் பொருளுக்குப் பாதுகாப்பில்லாத ஊரை இளம் வயதிலேயே கண்ணுற்ற அன்னார், அதை மறக்கவில்லை.

அடுத்துச் சென்ற குஸன்தீனா நகரிலோ நேர்மாறான அனுபவம் கிடைத்தது. மழையில் நனைந்து அழுக்கேறிய உடையோடு நின்ற அன்னாரைக் கண்ட அந்நகர ஆளுநர், உடைகளைத் துவைத்துத் தரச் செய்தார். கிழிந்திருந்த மேலாடைக்குப் பதிலாகப் புத்தாடை ஒன்றை அளித்து, அதன் முனையில் இரண்டு பொற்காசுகளை முடிந்து அனுப்பினார். பயணத்தில் அன்னார் பெற்ற முதல் அன்பளிப்பு அதுவேயாகும்.

துனிஸ் நகரை அடைந்தபோது, காஃபிலாவை எதிர்கொள்ள வந்த மக்கள் தத்தமக்கு அறிமுகமானோருக்கு ஸலாம் உரைத்து மகிழ்ந்தனர். அன்னாரை அறிந்தவர் அங்கே எவருமில்லை. எவரும் ஸலாம் கூறவில்லை. தனிமை தாளாமல் கண்ணீர் விட்டு அழுதார்கள். அதனைக் கண்ணுற்ற ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, இன்சொல் பேசி நகருக்குள் அழைத்துச் சென்றார். அந்நகரிலிருந்து புறப்பட்ட ஹஜ் காஃபிலாவுக்கு அன்னாரே காழியாக நியமிக்கப்பட்டார்கள். ஒரு ஸலாமுக்காக ஏங்கி நின்ற வாலிபர், சில வாரங்களில் ஒரு பயணக் கூட்டத்தின் வழக்குகளைத் தீர்ப்பவராக உயர்ந்தார்கள்.

எகிப்தின் ஏற்பாடு

கி.பி. 1326 ஏப்ரல் மாதம் இஸ்கந்தரியா நகரை அடைந்தார்கள். நைல் நதியோரமாகத் தெற்கே சென்று, செங்கடல் துறைமுகமான ஐதாப் வழியாக ஹிஜாஸுக்குக் கடல் கடக்க முயன்றார்கள். அங்கே போர் மூண்டு கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டிருந்தமையால், வந்த வழியே கெய்ரோவுக்குத் திரும்பிச் சிரியா மார்க்கமாகச் செல்ல நேர்ந்தது. அவ்வாண்டே முதல் ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள்.

எகிப்திலிருந்து சிரியாவுக்குச் செல்லும் மணற்பாதையில் அன்னார் கண்ட ஏற்பாடு நம் சிந்தனைக்குரியது. ஒவ்வொரு தங்குமிடத்திலும் பயணியும் அவருடைய கால்நடையும் இளைப்பாற ஒரு சத்திரம் இருந்தது. சத்திரத்தின் வெளியே பொதுத் தண்ணீர்த் தொட்டியும், தேவையான பொருள்களை வாங்கிக்கொள்ளக் கடையும் இருந்தன. இரவானதும் பாதையின் மணலைச் சுவடில்லாதபடி சமன்படுத்திவிடுவர். விடிந்ததும் அதிகாரி வந்து மணலைப் பார்வையிடுவார். எவருடைய காலடியேனும் பதிந்திருந்தால், அவரைத் தேடிக் கொணரும் பொறுப்பு அப்பகுதிக் காவலை ஏற்றிருந்த அரபுக் குடியினரைச் சார்ந்தது.

கிழக்குக் கரையில்

மக்காவில் தங்கிக் கல்வி பயின்ற பின், கி.பி. 1330-ஐ ஒட்டிய காலத்தில் ஏடன் துறைமுகத்திலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரமாகப் பயணம் செய்தார்கள். மொகதிஷு நகரில் ஒரு வழக்கம் நிலவியது. கப்பல் வந்து நங்கூரமிட்டதும் ஊர் இளைஞர்கள் சிறு படகுகளில் மூடிய உணவுத் தட்டுகளோடு வருவார்கள். ஒவ்வொருவரும் ஒரு வணிகரிடம் தட்டை நீட்டி, அவரைத் தம் விருந்தினராக அறிவிப்பார்கள். அவ்வணிகர் அந்த வீட்டிலேயே தங்குவார். வீட்டுக்காரர் முன்னின்றுதான் கொள்வினை கொடுப்பினை நடைபெறும். ஊர் அறியாத அயலானை ஏமாற்றி மலிவாக வாங்கினாலும், வீட்டுக்காரர் இல்லாதபோது அவனிடம் விற்றாலும் அந்த வியாபாரம் செல்லாது. அன்னார் வணிகரல்லர், மார்க்க அறிஞர் என்று தெரிந்ததும் அவ்வூர்க் காழியே தம் மாணவர்களுடன் கடற்கரைக்கு வந்து அழைத்துச் சென்றார். நெய்ச்சோறும், பாலில் வேகவைத்த வாழைக்காயும், எலுமிச்சை ஊறுகாயும், இஞ்சியும், மாங்காயும் அங்கே பரிமாறப்பட்டதாக அன்னார் குறித்துள்ளார்கள். கடல் கடந்த அந்த விருந்தின் சுவை நம்மவர்களுக்கு அந்நியமானதன்று. பின்னர் மொம்பாஸா வழியாகக் கில்வா நகர் வரை சென்று திரும்பினார்கள்.

இந்தியாவும் தமிழகமும்

கி.பி. 1333-இல் சிந்து நதியை அடைந்தார்கள். டில்லியில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவர்களைக் காழியாக நியமித்தார். பின் மாலத்தீவுகளிலும் காழியாக இருந்தார்கள். கி.பி. 1344-இல் இலங்கை சென்று பாவா ஆதம் மலையை ஸியாரத் செய்துவிட்டுத் திரும்பும்போது கப்பல் விபத்துக்குள்ளாகி, மஅபர் என அரபியர் அழைத்த நம் தமிழகக் கரையில் ஒதுங்கினார்கள். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் அவர்களுக்கு மண உறவு முறையினர். இருவரும் உடன்பிறந்த சகோதரிகளை மணந்தவர்கள்.

உறவினராயினும், போரில் பிடிபட்ட பெண்களையும் குழந்தைகளையும் கொல்வித்த அந்த மன்னரின் கொடுமையை அன்னார் மறைக்கவில்லை. எந்த மன்னரும் செய்யத் துணியாத இழிசெயலென்று கண்டித்து எழுதியுள்ளார்கள். தம் இனம், தம் உறவு என்று பாராமல் உண்மையை உரைப்பது காழியின் கடமை என்பதற்கு இது சான்றாகும். கொள்ளை நோய் பரவியிருந்த மதுரையையும் கண்டு, பின் இங்கிருந்து அகன்றார்கள்.

சீனப் பயணம் முடித்துக் கி.பி. 1349-இல் தாயகம் திரும்பியபோது, தாயார் பிளேக் நோயால் அண்மையில் காலமான செய்தி எட்டியது. தந்தையார் மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெரும் பாலைவனம்

கி.பி. 1351-இல், 47-ஆம் வயதில், அன்னார் மீண்டும் புறப்பட்டார்கள். இம்முறை ஸஹாரா பாலைவனத்தைக் கடந்து, நீக்ரோ மக்களின் பேரரசான மாலிக்குச் செல்லும் பயணம். பாலையின் வடவிளிம்பிலுள்ள சிஜில்மாஸா நகரில் ஒட்டகங்கள் வாங்கி, அவற்றுக்குத் தீனி சேகரித்துச் சில மாதங்கள் தங்கினார்கள். ஹிஜ்ரி 753 முஹர்ரம் மாதம் (கி.பி. 1352 பிப்ரவரி) காஃபிலா புறப்பட்டது.

25 நாள்களில் தகாஸா என்னும் உப்புச் சுரங்க ஊர் வந்தது. அங்கே வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் கூரை வேயப்பட்டிருந்தன. மரமில்லை, பயிரில்லை. வெளியூரிலிருந்து வரும் பேரீச்சம்பழம், ஒட்டக இறைச்சி, தானியம் ஆகியவையே உணவு. உப்பை வெட்டியெடுத்தவர்கள் அடிமைகள். ஓர் ஒட்டகச் சுமை உப்பு, வலாத்தா நகரில் 8 முதல் 10 மித்கால் பொன்னுக்கும், மாலித் தலைநகரில் 20 முதல் 30 மித்கால் பொன்னுக்கும் விலைபோயிற்று. ஒரு மித்கால் என்பது ஏறத்தாழ நாலேகால் கிராம் எடையாகும்.

தகாஸாவை அடுத்துப் பத்து நாள் வழியில் தண்ணீர் கிடைப்பது அரிது. அவ்வாண்டு மழை பெய்து குட்டைகள் நிறைந்திருந்தன. ஆயினும் உடன் வந்தவர்களுள் ஒருவர் உறவினரோடு சச்சரவிட்டுப் பின்தங்கினார். தேடிச் சென்றவருக்குக் காலடித் தடங்கள் தென்பட்டன, மனிதர் கிடைக்கவில்லை. அதன் பிறகு அன்னார் காஃபிலாவை முந்திச் செல்லவுமில்லை, பிந்தி நிற்கவுமில்லை.

அப்பாலையின் மிகக் கடினமான பகுதியைக் கடக்க, தக்ஷீஃப் எனப்படும் தூதர் ஒருவரைக் காஃபிலாவினர் கூலிக்கு அமர்த்துவர். அவர் தன்னந்தனியே முன்சென்று, வலாத்தாவிலுள்ள நண்பர்களுக்குக் கடிதங்களைச் சேர்ப்பிப்பார். அவர்கள் நான்கு இரவுத் தொலைவு எதிர்வந்து தண்ணீர் தருவார்கள். தூதர் வழியில் மாண்டுபோனால் காஃபிலா வருவதை ஊரார் அறியமாட்டார்கள். அனைவருமோ, பெரும்பாலோரோ தாகத்தால் மடிய நேரும். அன்னாரின் காஃபிலா அமர்த்திய தூதருக்கு ஒரு கண்ணில் பார்வையில்லை. மறு கண்ணும் நோயுற்றது. ஆயினும் அவ்வழியை அவரைப் போல் அறிந்தவர் எவருமில்லை. அவருக்கு அளித்த கூலி 100 மித்கால் பொன். ஏழாம் நாள் இரவில், தண்ணீரோடு எதிர்வந்தோர் மூட்டிய நெருப்பு தொலைவில் தெரிந்தது. காஃபிலாவினரின் உள்ளங்கள் மகிழ்ச்சியில் நிறைந்தன. சிஜில்மாஸாவிலிருந்து இரண்டு மாதங்களில் வலாத்தாவை அடைந்தார்கள்.

மாலியின் நீதி

வலாத்தாவிலிருந்து மாலித் தலைநகருக்கு விரைந்து நடந்தால் 24 நாள் வழி. அவ்வழி முற்றிலும் அச்சமற்றிருந்தமையால் காஃபிலாவுக்குக் காத்திராமல், மூன்று தோழர்களோடும் ஒரு வழிகாட்டியோடும் புறப்பட்டார்கள். கட்டுச்சோறு சுமக்க வேண்டியதில்லை. சிறிதளவு உப்பும், கண்ணாடி மணிகளும், கிராம்பு போன்ற வாசனைப் பொருள்களும் இருந்தால், ஊர்தோறும் பெண்கள் தானியமும் பாலும் கோழியும் கொண்டுவந்து மாற்றிக்கொள்வார்கள். வழிநெடுக முதிர்ந்த பெருமரங்கள் நிழல் தந்தன. பொந்து விழுந்த ஒரு மரத்தினுள் நெசவாளர் ஒருவர் தறி அமைத்து நெய்துகொண்டிருந்ததைக் கண்டு அன்னார் வியந்தார்கள்.

கி.பி. 1352 ஜூன் மாதம் தலைநகரை அடைந்தார்கள். உணவு ஒவ்வாமல் இரண்டு மாதங்கள் நோயுற்றார்கள். மன்னர் மன்சா சுலைமான் அனுப்பிய விருந்துப் பொருள் மூன்று ரொட்டியும், ஒரு துண்டு இறைச்சியும், ஒரு சுரைக்குடுக்கைத் தயிருமே. அதைக் கண்டு சிரித்துவிட்ட அன்னார், மன்னர் கஞ்சத்தனம் மிக்கவர் என்றே எழுதினார்கள். அந்நாட்டு வழக்கங்கள் சிலவற்றை அவர்களால் ஏற்கவும் இயலவில்லை.

ஆயினும் மனக்குறை அவர்களுடைய நீதியுணர்வை மறைக்கவில்லை. வலாத்தா அதிகாரி ஒருவர், வணிகர் ஒருவரிடம் 600 மித்கால் மதிப்புள்ள பொருளைப் பெற்றுக்கொண்டு 100 மித்கால் மட்டுமே தர முன்வந்தார். அவ்வணிகர் ஜும்ஆ நாளில் பள்ளிவாசலில் எழுந்து நின்று, மன்னரின் மீதே பகிரங்கமாக முறையிட்டார். மன்னர் அந்த அதிகாரியை வரவழைத்து, வழக்கைக் காழியிடம் ஒப்படைத்தார். வணிகரின் உரிமை நிரூபணமாகி அவர் தம் பொருளைப் பெற்றார். அதிகாரி பதவி நீக்கப்பட்டார்.

அந்நாட்டில் அநீதி மிக அரிது என்றும், ஊரிலிருப்பவரும் வழிச்செல்பவரும் கள்வருக்கு அஞ்சுவதில்லை என்றும் அன்னார் சாட்சி பகர்கிறார்கள். ஜும்ஆவுக்கு முன்கூட்டிச் செல்லாவிட்டால் இடம் கிடைக்காது. ஒரே ஒரு பழைய உடை உள்ளவரும் அதைத் துவைத்து வெண்மையாக உடுத்தி வருவார். குர்ஆனை மனனம் செய்வதில் அம்மக்கள் பேரார்வம் கொண்டிருந்தனர். இவை அனைத்தோடும், வெள்ளை நிறத்து அயலார் எவரேனும் அங்கே இறந்துவிட்டால், அவருடைய பொருள் குவியலாக இருந்தாலும் அரசு அதைத் தொடுவதில்லை. உரிய வாரிசு வந்து பெறும் வரை, அவ்வயலாருள் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அது அமானிதமாக வைக்கப்படும். 21 வயதில் பிஜாயாவில் பறிக்கப்பட்டதைக் கண்ட அமானிதம், 48 வயதில் மாலியில் காக்கப்படுவதைக் கண்டார்கள்.

அதே நெடுவழியின் மறுபக்கத்தையும் நாம் மறந்துவிடலாகாது. திம்பக்து, காவோ நகரங்களைக் கண்டு தகத்தாவை அடைந்தபோது, தாயகம் திரும்புமாறு மொராக்கோ சுல்தான் அபூ இனானின் ஆணை வந்தது. கி.பி. 1353 செப்டம்பரில் அன்னார் சேர்ந்து திரும்பிய காஃபிலாவில் 600 அடிமைப் பெண்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அன்னாரும் அக்கால வழக்கத்திற்கு விலக்காக இருக்கவில்லை, அடிமைகளை வைத்திருந்தார்கள். வணிகருக்கு அச்சமற்றிருந்த அவ்வழி, அப்பெண்களுக்குத் திரும்ப முடியாத வழியாயிருந்தது.

நூலும் மறைவும்

அட்லஸ் மலையின் கடும்பனியைக் கடந்து கி.பி. 1354-இன் தொடக்கத்தில் ஃபாஸ் நகர் சேர்ந்தார்கள். சுல்தானின் ஆணைப்படி அன்னார் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் அறிஞர் எழுத்தில் வடித்தார். கி.பி. 1355 டிசம்பரில் அன்னார் சொல்லி முடித்தார்கள். ரிஹ்லா என்ற பெயரால் உலகம் அந்நூலை அறிகிறது. அன்னார் சென்ற மொத்தத் தொலைவை ஏறத்தாழ 1,17,000 கிலோமீட்டர் எனக் கணக்கிடுவர். மாலிப் பேரரசு ஓங்கியிருந்த காலத்தில் அதை நேரில் கண்டவர் விரிவாகச் சொன்னதாக நமக்குக் கிட்டியிருப்பது இந்நூல் ஒன்றே. எஞ்சிய காலத்தில் அன்னார் மொராக்கோவில் காழியாகப் பணியாற்றி மறைந்தார்கள். மறைந்த ஆண்டு ஹிஜ்ரி 770 என்றும் 779 என்றும் இருவிதமாகக் கூறப்படுகிறது.

இன்றைய வழிகள்

ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதையும் நெடுஞ்சாலைகளால் இணைக்கும் திட்டத்தை ஐக்கிய நாடுகள் அவையின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையம் 1971-இல் வகுத்தது. அதில் ஒன்பது பெருவழிகள் உள்ளன. கெய்ரோவிலிருந்து டக்கார் வரை 8,600 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பெருவழி, வாலிபர் இப்னு பதூதா காய்ச்சலோடு கடந்த வட ஆப்பிரிக்கப் பகுதிகளின் வழியாகவே செல்கிறது. அல்ஜியர்ஸிலிருந்து ஸஹாராவைக் கடந்து லாகோஸ் வரை 4,500 கிலோமீட்டர் நீளும் மற்றொன்று, அன்னார் திரும்பிவந்த ஹக்கார் மலைப்பகுதியைத் தொட்டுச் செல்கிறது.

தார் போடப்பட்டிருக்கிறது, வாகனம் இருக்கிறது. ஆயினும் அல்ஜீரியாவுக்கும் மொராக்கோவுக்கும் இடையிலான தரைவழி எல்லை 1994 முதல் மூடப்பட்டிருக்கிறது. தன்ஜாவிலிருந்து ஒரு வாலிபர் கழுதையேறிச் சென்ற வழியில் இன்று பேருந்தேறிச் செல்ல முடியாது. மாலியின் வடபகுதியிலோ 2012 முதல் மூண்ட ஆயுதப் பூசலால், துணையின்றி நடக்கலாம் என்று அன்னார் சாட்சி சொன்ன அந்நாட்டில் வழிச்செல்வோர் அஞ்சியே செல்கின்றனர். கல்லும் தாரும் சாலையைத் தரும். தண்ணீரோடு எதிர்வருபவரும், அமானிதம் காப்பவரும், அயலானுக்கும் நீதி வழங்கும் காழியும் இருந்தால்தான் அது மனிதர் நம்பி நடக்கும் வழியாகும்.

சகோதரர்களே! சேலத்திற்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையே ஓடும் நெடுஞ்சாலை நம் கள்ளக்குறிச்சியைத் தொட்டுச் செல்கிறது. கல்வராயன் மலையேறுவோரும் இறங்குவோரும் நம் பகுதி வழியே போய் வருகின்றனர். இவர்களுள் எம்மதத்தவராயினும், எம்மொழியினராயினும், ஊரறியாத ஒருவர் நம் தெருவில் நிற்கும்போது துனிஸின் மக்களைப் போல் கடந்து செல்கிறோமா, அருகில் வந்து பேசிய அந்த ஹாஜியைப் போல் நடந்துகொள்கிறோமா என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். வேலை தேடி இங்கே வந்து தங்கியிருப்பவர் நோயுற்றால் அவரை விசாரிப்பதும், இறந்துவிட்டால் அவருடைய உடைமையையும் நிலுவைக் கூலியையும் குறையாமல் வாரிசிடம் சேர்ப்பதும் ஜமாஅத்தின் பொறுப்பாகும். நம் பிள்ளைகளும் அயல்நாட்டு வழிகளில் அயலாராகவே நிற்கிறார்கள் என்பதை நாம் மறவாதிருப்போமாக!

வல்ல அல்லாஹ் வழிச்செல்வோர் அனைவரையும் பாதுகாப்பானாக! அமானிதம் பேணும் நன்மக்களாய் நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.